மூன்று நட்சத்திரம் வரை பியானோ இல்லை

ஏப்ரல் 12, 1942. ஞாயிறு

ஊர் காலி. நேற்று எழும்பூரில் ஒரு ரயிலின் கூரைமேல் ஒரு தையல் இயந்திரமும் அதைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவரும் போனார்கள். ஜப்பான்காரன் வருகிறானாம். அப்பா, அம்மா, தங்கை, ஆட்டுக்கல் எல்லோரும் கும்பகோணம் சேர்ந்தாயிற்று. ஆட்டுக்கல்லுக்கு வண்டியில் இடம் இருந்தது.

எனக்கு இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் தங்கினேன். சிந்திக்கத் தனிமை வேண்டும்.

தத்துவத்தில் ஆனர்ஸ். கடற்கரைச் சாலையில் பெல்வியூ ஓட்டலில் குமாஸ்தா வேலை. எழுதவிருக்கும் கட்டுரையின் தலைப்பு: ‘கடவுளின் இன்மை குறித்து’. தலைப்பு முடிந்துவிட்டது.

ஏப்ரல் 16, வியாழன்

மானேஜர் ராமபத்ர நாயுடு நான் தட்டச்சு செய்த கடிதத்தை நெடுநேரம் பார்த்தார்.

“இதுக்கு ஜப்பான்காரனே வந்துடலாம்பா,” என்றார். “நீ கூரைக்குப் போ.”

இனிமேல் நான் ஓட்டலின் ஏ.ஆர்.பி. வார்டன், அதாவது விமானத் தாக்குதல் காவலன். தகரத் தொப்பி, விசில், கையில் ஒரு பட்டை. அந்தி நேரத்தில் கூரைமேல் நின்று எந்த ஜன்னலிலாவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். எல்லா ஜன்னல்களிலும் கறுப்புக் காகிதம் ஒட்டியாயிற்று. உள்ளே இருப்பவர்களுக்குப் பகலா இரவா என்பது வதந்தி மட்டுமே.

இது பதவி உயர்வு என்றே கொள்கிறேன்.

ஏப்ரல் 18, சனி

முதல் முழு இருட்டடிப்பு. கடல் மட்டும் சத்தம். ஒரு நட்சத்திரம் வந்தது.

ஒற்றை நட்சத்திரத்தைப் பார்க்கக் கூடாது என்பாள் அம்மா. பார்த்துவிட்டால் இன்னொன்று கிடைக்கும்வரை வீட்டுக்குள் போகவிடமாட்டாள். நான் பகுத்தறிவுவாதி. ஆனால் கூரையில் வேறு வேலையும் இல்லை. இன்னொன்றைத் தேடினேன். கிடைத்தது. பிறகு மூன்றாவதும்.

இறங்கி வந்தால் மாடிப்படி அடியில் இருவர். ஒருவர் எமில் ஹிர்ஷ், ஓட்டலின் பியானோக்காரர். வியன்னாக்காரர், யூதர். ஹிட்லரிடமிருந்து தப்பி இங்கே வந்தால், ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருக்கிறாய், நீ எதிரி என்று இங்கிலீஷ்காரன் முகாமில் போட்டுவிட்டான். ஓட்டல் முதலாளி ராவ் சாகிப் ஜாமீன் கொடுத்து எடுத்திருக்கிறார். நிபந்தனை: பொழுது சாய்ந்தபின் ஓட்டலைவிட்டு வெளியே வரக் கூடாது. கூரைக்கு எப்போதுமே போகக் கூடாது. கடல் தெரியும், கப்பலுக்குச் சைகை காட்டுவாராம். பார்வை ஆறடிக்கு மேல் எட்டாத மனிதர்.

இன்னொருவர் சாலமன் எசேக்கியேல். ரங்கூனில் தேக்கு வியாபாரம். பாக்தாத் யூதர் வம்சம். குண்டு விழுந்ததும் கப்பலேறி வந்து இங்கே தங்கியிருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. ரங்கூனில் செட்டியார்களோடு முப்பது வருஷம் கணக்கு வழக்கு. அதனால் தமிழ் பேசுகிறார், அதுவும் காரைக்குடித் தமிழ். தாடியோடு ஒரு செட்டியார்.

எமில் ஒரு டம்ளர் எலுமிச்சைச்சாறு நீட்டினார். “மேலே எப்படி இருந்தது, மிஸ்டர் நாயகம்?” (அவர் பேசுவது ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.)

சொன்னேன். “ஒரு நட்சத்திரம். தனிமை. பிறகு இன்னொன்று, உரையாடல். பிறகு மூன்றாவது. கைவிடப்பட்ட நாகரிகத்தின்மேல் மூன்று முற்றுப்புள்ளிகள்.”

சாலமன் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. எமில் ஏதும் பேசாமல் எழுந்து நடனக் கூடத்துக்கு விரைந்து போய் வாசிக்க ஆரம்பித்தார்.

நான் பேசி யாரும் இவ்வளவு நெகிழ்ந்து பார்த்ததில்லை.

மே 9, சனி

நாலாவது வாரம். அதே எலுமிச்சைச்சாறு. இன்று சற்று நீளமாகச் சொன்னேன், முதல் நட்சத்திரத்தின் வெட்கம் பற்றி. இரண்டாவதுக்கு வருவதற்குள் எமில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மூன்றாவதைச் சொன்னதும் பெருமூச்சு.

இந்த ஊரில் எனக்கு இரண்டு ரசிகர்கள்.

ஜூன் 20, சனி

வாத்தியக் குழுவில் ஏழு பேர் இருந்தார்களாம். டிரம்பெட்காரர் ராணுவத்தில் சேர்ந்தார். சாக்ஸபோன் பம்பாய்க்கு ஓடியது. மற்றவர்கள் கலைந்தார்கள். மிச்சம் எமிலும் டிரம்காரர் லோபோவும். லோபோ கோவாக்காரர், பெரம்பூரில் வளர்ந்தவர். எல்லோரும் அவருக்கு ‘மேன்’தான். நாயுடுவும்.

எமில் முகாமுக்கு வரும்வரை சனிக்கிழமையும் தெரியாது, சாமியும் தெரியாதாம். வியன்னாவில் வெள்ளி இரவெல்லாம் வாசித்திருக்கிறார்.

“பிறகு ஒருநாள் வந்து, நீ யூதன், பில்லைக் கட்டு என்றார்கள்,” என்றார். “எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். சரி, இவ்வளவு பெரிய பில் கட்டியாயிற்று, சாப்பாட்டையாவது சாப்பிட்டுப் பார்ப்போமே என்று ஆரம்பித்தேன்.”

சாலமனுக்கு இது பிடிக்கவில்லை. “ஆண்டவர் என்ன ஓட்டலா நடத்துறாக?”

நாயுடு தலையை நிமிர்த்தினார். ஓட்டல் நடத்துவதில் என்ன இழிவு என்பது அவர் பார்வையில் இருந்தது.

ஆகஸ்டு 10, திங்கள்

தலைவர்களெல்லாம் கைது. கடையடைப்பு. என் வகுப்பில் மூன்று பேர் உள்ளே. நான் விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். அதையும் யாராவது பார்க்கத்தானே வேண்டும்.

ஆகஸ்டு 11, செவ்வாய்

யாராவது பார்க்கத்தான் வேண்டும்.

செப்டம்பர் 1, செவ்வாய்

யுத்த காலம் என்று சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைத்துவிட்டது. பட்லர் சின்னச்சாமி எல்லாக் கடிகாரத்தையும் திருப்பினார். சூரியனுக்கு யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 5, சனி

இன்று ஏதோ நடந்தது. என்னவென்று புரியவில்லை.

நடனம் ஏழு மணிக்கு. புது ஏழு. வெளியே வெயில். கூடத்தில் சோல்ஜர்கள், நர்ஸுகள், இரண்டு வக்கீல்கள். பியானோ மூடியிருக்கிறது. எமில் மாடிப்படி அடியில் எலுமிச்சைச்சாறோடு உட்கார்ந்திருக்கிறார். நாயுடு வந்து கெஞ்சினார், முறைத்தார். எமில் அசையவில்லை. சாலமன் பக்கத்தில் பாறை மாதிரி.

“சார், உடம்பு சரியில்லையா?” என்றார் நாயுடு.

“நன்றாக இருக்கிறேன்.”

“அப்ப வாசிக்கலாமே.”

“கொஞ்ச நேரம்.”

நான் கூரைக்குப் போனேன். கீழே லோபோ தனியாக ஆரம்பித்தது கேட்டது. டிரம் மட்டும். பிறகுதான் கவனித்தேன்: அவர் தனியாக வாசிக்கவில்லை. பியானோவோடு வாசித்தார். பியானோ இல்லை, அவ்வளவுதான். பியானோ பேசவேண்டிய இடத்தில் நிறுத்தி, காத்திருந்து, அது சொன்ன பதிலுக்குத் தலையாட்டுவதுபோல ஒரு தட்டு. யாரோ ஒரு சோல்ஜர் அந்த வெற்றிடத்தில் விசிலடித்தான். அடுத்த வெற்றிடத்தில் நர்ஸுகள் பாடினார்கள். சிரிப்பு.

மூன்று நட்சத்திரம் பார்த்து இறங்கிவந்து சொன்னேன். எமில் ஓடினார். பாட்டை முதலிலிருந்து தொடங்கவில்லை. அது எங்கே நடந்துகொண்டிருந்ததோ அந்த இடத்தில், அரைமணியாக அங்கேயே இருந்தவர்போல நுழைந்தார்.

கூடம் ஆர்ப்பரித்தது. ஒரு சார்ஜெண்ட் நாயுடுவின் முதுகில் தட்டி, இந்த யுக்தி நன்றாயிருக்கிறது, அடுத்த வாரமும் பியானோவைத் தாமதமாக விடுங்கள் என்றான். நாயுடு, அது தன் ஏற்பாடுதான் என்றார்.

எமில் வேர்த்துப்போய் வந்து உட்கார்ந்தார். “வியன்னாவில் எல்லா இடத்தையும் நானே நிரப்புவேன். இன்று வருவதற்கு முன்பே எனக்கு இடம் இருந்தது. ஆறு நாள் சத்தம், ஒரு நாள் இடைவெளி. தாளம் அதுதான் போலிருக்கிறது.”

“அப்ப உன் காட் ஒரு டிரம்மர், மேன்,” என்றார் லோபோ.

சாலமன் காதைப் பொத்திக்கொண்டார்.

செப்டம்பர் 7, திங்கள்

ஏன் அந்த அரைமணி? எனக்குத் தெரியாத ஒன்று என் கண்ணெதிரே நடப்பது ஒவ்வாது. கல்லூரி நூலகம் பூட்டு. நூலகர் சாவியோடு திருச்சியில். ஓட்டல் வாசிப்பறையில் பழைய கலைக்களஞ்சியம் இருக்கிறது.

கண்டுபிடித்துவிட்டேன். யூதர்களின் ஓய்வு நாள் வெள்ளி அந்தியில் தொடங்கி, சனி இரவு வானில் மூன்று நட்சத்திரம் தெரியும்போது முடிகிறது. அதுவரை வாத்தியத்தைத் தொடக் கூடாது.

ஆகா.

(மூன்று நட்சத்திரம். அப்படியானால் மற்றவை? முதலாவதின் வெட்கம்? முற்றுப்புள்ளிகள்?)

பரவாயில்லை. கண்டுபிடித்தது முக்கியம்.

செப்டம்பர் 8, செவ்வாய்

காலைச் சிற்றுண்டியின்போது அவர்கள் மேஜைக்குப் போய், தெரிந்துகொண்டதைச் சொன்னேன். இனிமேல் சுற்றி வளைக்க வேண்டாம், நானே மூன்றையும் சரியாகப் பார்த்து முறைப்படி அறிவித்துவிடுகிறேன் என்றேன். கலைக்களஞ்சியத்தின் பக்கத்தையும் சொன்னேன்.

எமிலின் கையில் ரொட்டி அப்படியே நின்றது. சாலமன் மெல்ல, “போச்சு,” என்றார்.

“என்ன போச்சு?”

“தம்பி, உக்காருங்க. உங்க மேல குத்தமில்லே. எங்காளு இல்லாத ஒருத்தர் பேச்சுவாக்குல தானாச் சொன்னா அதை நம்பலாம்னு எங்க பெரியவுக சொல்லியிருக்காக. எதுக்குன்னு தெரியாமச் சொல்றவருக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லையில்ல? நாங்க கேக்கவும் கூடாது. அவரு அறிஞ்சும் சொல்லக் கூடாது. எதுக்குன்னு தெரிஞ்சுபோனா, எங்களுக்கு உதவணும்ங்கிற ஆசை வந்துரும். ஆசை வந்தா மூணாவது நட்சத்திரம் சீக்கிரமா வந்துரும்.”

“நான் பொய் சொல்லமாட்டேன்.”

“மாட்டீக. ஆனா அன்பா இருப்பீக. அது இன்னும் மோசம்.”

ஐந்து மாதமாக நான் செல்லுபடியான சாட்சியாக இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாததால் மட்டுமே. ஆனர்ஸ் முடித்தபின் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். படித்துக் கெடுத்துவிட்டேன்.

“கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாதா?” என்று கேட்டேன்.

“போடலாம், மத்தவுக. ரங்கூன்ல நானும் கடிகாரந்தான் பாத்தேன். தெருமுனையில பெரிய கோபுரக் கடிகாரம். குண்டு விழுந்துச்சு, நின்னுபோச்சு. இங்க வந்தா சர்க்கார் ஒரு மணியைத் தூக்கிட்டுப் போயிருச்சு. நட்சத்திரம் மட்டுந்தான் தம்பி, எவனும் இன்னும் கைவைக்கலே.”

எமில் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: “முற்றுப்புள்ளிகள் எனக்குப் பிடித்திருந்தன.”

நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். ஆனாலும் நம்பமுடியவில்லை.

செப்டம்பர் 12, சனி

இன்று அவர்களுக்கு வருஷப் பிறப்பு. நாளையும். பியானோ கிடையாது. நாயுடு நாட்காட்டியோடு வந்து இன்னும் என்னென்ன இருக்கிறதென்று கேட்டார். சாலமன் சொல்லச் சொல்ல நாயுடுவின் முகம் மாறியது. இந்த வருஷம் பண்டிகைகளும் சனிக்கிழமைகளும் ஒன்றாகக் கைகோத்து வருகின்றன. இனி அக்டோபர் பத்துக்குள் வாசிக்கக்கூடிய சனி ஒன்றே ஒன்று.

“ஒரே மாசத்துல இத்தனையா? எங்களுக்கே இவ்வளவு இல்லையேப்பா,” என்றார். ஏகாதசியும் கிருத்திகையும் விடாமல் பிடிப்பவர்.

செப்டம்பர் 19, சனி

அந்த ஒரே சனி.

எதுவும் தெரியாதவன்போல நடந்துகொள்ள முடிவு செய்தேன். இறங்கிவந்து, யாரிடமும் இல்லாமல், ஒரு தூணைப் பார்த்துச் சொன்னேன்: “அடடா, இன்று காற்று. மரங்கள். அப்புறம் சில நட்சத்திரங்கள், மூன்று என்று வைத்துக்கொள்ளலாம்.”

“தம்பி,” என்றார் சாலமன், “தூணுக்குக்கூட நம்பிக்கை வரலே.”

சாட்சி இல்லாவிட்டால் சந்தேகமே இல்லாத இருட்டு வரும்வரை காத்திருக்கவேண்டுமாம். அதாவது சாலமன் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, ஒரு முறை இருமி முடிக்கும்வரை. நடனம் முடிய ஒரே பாட்டு மிச்சமிருந்தபோது எமில் வந்தார். அரைமணி வெற்றிடம் யுக்தி. ஒன்றரை மணி வெற்றிடம் வெறும் லோபோ. சார்ஜெண்ட் பாதியில் போய்விட்டான். அவனோடு நர்ஸுகளும்.

அக்டோபர் 1, வியாழன்

நாயுடு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

முதலாளி ராவ் சாகிப் தாமோதரம் முதலியார் பத்தாம் தேதி சனி மாலை மனைவியோடு வருகிறார். கூடத்தை ராணுவக் கிடங்குக்குக் கொடுத்துவிடலாமா என்று பார்க்க. பியானோ சத்தம் கேட்டால் கூடம் இருக்கும். கேட்காவிட்டால் கிடங்கு.

“கூடம் போச்சுன்னா பியானோக்காரர் எதுக்கு? அவர் எதுக்கும் இல்லைன்னா ஜாமீன் எதுக்கு? கையெழுத்தை வாபஸ் வாங்கிடுவார். போலீஸ் வந்து திரும்ப முகாமுக்குக் கூட்டிட்டுப் போயிடும். அவர்கிட்ட சொல்லு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏழு மணிக்கு வாசிச்சுடச் சொல்லு.”

சொன்னேன். எமில் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “முகாமில் பியானோ இல்லை,” என்றார். “மேஜையில் வாசிப்பேன். மேஜை பரவாயில்லை, சுருதி கலையாது.” பிறகு: “அந்த ஒரு நாளைக் கொடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது, மிஸ்டர் நாயகம்?”

நான் எதையும் அனுஷ்டிப்பதில்லை. கொடுக்க என்னிடம் நாளே இல்லை.

அக்டோபர் 7, புதன்

திட்டம். எனக்கு அறிவு வந்துவிட்டது, சரி. அறிவு வராத இன்னொருவரைக் கூரைக்கு அனுப்பினால்? ஒத்திகைக்காகப் பட்லர் சின்னச்சாமியைப் பிடித்தேன். காரணம் சொல்லவில்லை. அந்தியில் கூரைத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவரச் சொன்னேன். எமிலும் சாலமனும் படியடியில்.

சின்னச்சாமி இறங்கினார்.

“மேலே எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

“தண்ணி இருக்குங்க.”

“சரி. அப்புறம்?”

“பாசி இருக்குங்க.”

“வேறு எதுவும் கண்ணில் படவில்லையா? பொதுவாக? உயரத்தில்?”

யோசித்தார். “கொடியில உங்க பனியன் இருக்குங்க. கிழிஞ்சிருக்கு.”

சாலமன் சிரித்துச் சிரித்து இருமினார். “இவரு நல்ல சாட்சி, தம்பி. பொய்யே வராது. ஆனா நிமுந்து பாக்கமாட்டேங்கிறாரு.”

அக்டோபர் 10, சனி. காலை

மேகம். அழுக்கு மூட்டை போலக் கடல்மேல் அடுக்கியிருக்கிறது. மழைக்காலம் தொடங்குகிறதாம்.

கட்டுரைக்கு இது நல்ல தொடக்கமாக இருந்திருக்கும்: இன்மை, மேகம். எழுதத் தோன்றவில்லை. மேகம் விலகட்டும் என்று யாரிடமோ சொன்னேன். யாரிடம் என்று குறிப்பிட அவசியமில்லை.

அக்டோபர் 11, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

ராவ் சாகிப் ஆறேமுக்காலுக்கு வந்தார். பெரிய உடம்பு, சரிகை அங்கவஸ்திரம். மனைவி மரகதவல்லி அம்மாள், அவரைவிடச் சின்ன உடம்பு, அவரைவிடப் பெரிய குரல். ஏழு மணி. லோபோ தொடங்கினார். மூடிய பியானோவை முதலியார் பார்த்தார். நாயுடு, இது ஒரு யுக்தி என்றார்.

ஏழரை. யுக்தி நீண்டது.

“அந்த வெள்ளைக்காரர் எங்கய்யா?” என்றார் முதலியார்.

“வந்துக்கிட்டே இருக்காருங்க.”

“எங்கேருந்து? வியன்னாவிலிருந்தா?”

அந்த நேரத்தில் சைரன்.

நிஜச் சைரன். ஒத்திகை இல்லை. எனக்கு விசில் ஊதத் தெரியும் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். வாயில் எச்சில் இல்லை. எப்படியோ எல்லோரையும் தோட்டத்துப் பதுங்குகுழிக்குத் தள்ளினேன். சைரன் ஊதினால் எதிரி நாட்டவரும் குழிக்குப் போகலாம், போயே ஆகவேண்டும், விதி. ஆறு மாதத்தில் முதல் தடவையாக எமில் இருட்டில் வானத்துக்குக் கீழே வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு எதுவும் இல்லை. சாலமன் கண்ணுக்கும் இல்லை.

குழி குறுகல். முதலியாரால் உட்கார முடியவில்லை. ஒரேயடியாகப் படுத்துவிட்டார், மல்லாந்து. பக்கத்தில் அம்மாள். அடுத்து நாயுடு, ராம ராம என்று. எதிர்ப்பக்கம் சாலமன், எமில், லோபோ. கடைசியில் நான், தொப்பி காதுவரை இறங்கி.

விமானச் சத்தம் வருகிறதா என்று எல்லோரும் மேலே கேட்டுக்கொண்டிருந்தோம். எதுவும் வரவில்லை. மேகத்தில் ஒரு கிழிசல். அதில் ஒரு நட்சத்திரம்.

நான் பார்த்தேன். நான்தான் முதலில் பார்த்தேன். என் ஆறுமாத வேலை அது. வாயைத் திறக்கக் கூடாது. கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். நாயுடு, நான் அழுகிறேன் என்று நினைத்து என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

“நட்சத்திரம் தெரியுது பாரு,” என்றார் முதலியார், சும்மா, யாருக்கும் இல்லாமல்.

அந்த ஒரு தமிழ்ச் சொல் எமிலுக்குத் தெரியும். அவர் தலை திரும்பியது.

“ஐயய்யோ, ஒத்த நட்சத்திரமா?” என்றாள் அம்மாள். “பாத்துட்டீங்களா? பாக்கக் கூடாதுங்க. இன்னொண்ணு தேடுங்க.”

“குண்டு விழப்போகுது, இவளுக்கு இன்னொண்ணு வேணுமாம்.”

“அதனாலதான் சொல்றேன். நல்ல நேரத்துலயே ஒத்தையைப் பாக்கக் கூடாது. தேடுங்க.”

முதலியார் தேடினார். மேகம் நகர்ந்தது. நான் கைக்குட்டையைக் கடித்தேன். சாலமன் மூச்சுவிடுவதையே நிறுத்திவிட்டார்.

“அதோ. தென்னைமரத்துக்கு இந்தாண்டை. ரெண்டாச்சு. போதுமா?”

போதாது, போதாது என்று எனக்குள் ஒருவன் கத்தினான். அவன் ஆனர்ஸ் படித்தவன்.

“ரெண்டா?” அம்மாள் சந்தேகமாகப் பார்த்தாள். “அது ரெண்டாவதா, மொதல்ல பாத்தது நகந்துடுச்சா?”

“நட்சத்திரம் என்ன நம்ம டிரைவரா, நிறுத்தின இடத்துல இல்லாமப் போக? நல்லாப் பாரு. அங்க ஒண்ணு. இங்க ஒண்ணு. இதோ, அதுக்குக் கீழேயே இன்னொண்ணு. மூணு. மூணுடி. இனிமே என்னைத் தூங்கவிடு.”



சாலமன் எமிலின் கையைப் பிடித்தார். அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு தமிழில், மிகவும் நிதானமாக: “நல்ல வாரம் பிறந்திருச்சு, தம்பி.”

எமில் எழுந்தார்.

அபாயம் நீங்கிய சைரன் வரும்வரை யாரும் குழியைவிட்டு ஏறக் கூடாது. ஏறினால் தடுப்பது வார்டனின் கடமை. வார்டன் அப்போது நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது வந்திருந்தது.

இருட்டுக் கூடத்திலிருந்து பியானோ வந்தது. லோபோவின் பாட்டு சைரனில் எந்த இடத்தில் அறுந்ததோ அந்த இடத்திலிருந்து. முதலில் மெதுவாக. பிறகு ஒரு இடத்தில் நின்றது. இடம் விட்டது.

குழிக்குள் லோபோ தவித்தார். கையில் குச்சி இருக்கிறது, டிரம் உள்ளே. “மேன், தொப்பியைக் குடு,” என்றார்.

“தலையில் இருக்கிறது.”

“இருக்கட்டும், மேன். அசையாதே.”

என் தலையில் வாசித்தார். பியானோ ஒரு வரி. என் தலையில் ஒரு வரி. உள்ளிருந்து பார்த்தால் ஜாஸ் சற்று உரத்த இசை. சிந்தனைக்கு இடம் தருவதில்லை. நன்றாக இருந்தது.

“யாருய்யா வாசிக்கிறது, குண்டு விழுற நேரத்துல?” என்றார் முதலியார்.

“நம்ம பியானோக்காரர்தாங்க,” என்றார் நாயுடு.

“சைரனுக்கும் பயப்படலையா?”

நாயுடு என்னைப் பார்த்தார். நான் வாயில் கைக்குட்டையோடு தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தேன். “இல்லீங்க,” என்றார் நாயுடு. “தமிழ்நாட்டு உப்பு.”

குண்டு எதுவும் விழவில்லை. யாரோ தவறாக ஊதிவிட்டார்களாம். முதலியாரைக் குழியிலிருந்து வெளியே எடுக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

“இவ்வளவு தைரியசாலியை அனுப்பிட்டுக் கிடங்கு வெக்கிறதா?” என்றார் அவர், வேட்டியைத் தட்டிக்கொண்டு. “ஜாமீன் இருக்கட்டும். கூடமும் இருக்கட்டும்.”

“மூணு நட்சத்திரம் பாத்தோமில்ல,” என்றாள் அம்மாள். “நல்ல சகுனம். அடுத்த சனிக்கிழமையும் வந்து பாக்கலாங்க. இங்க ஆகாசம் நல்லாத் தெரியுது.”

சாலமன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு எங்கள் எல்லோரையும் சுற்றி ஒரு பார்வை, தெரியாத கண்ணால்.

புரிந்தது. முதலியாருக்கு இது என்றைக்கும் தெரியக் கூடாது. நாயுடுவிடம் இப்போதுதான் விளக்கினேன். அவர் பட்லரிடம் விளக்கிவிட்டார். இந்த ஓட்டலில் ராவ் சாகிபைத் தவிர எல்லோருக்கும் இப்போது யூத மதம் தெரியும்.

எனக்கு நாயுடு இட்ட புது உத்தரவு: சனி மாலைகளில் தோட்டத்தில் அம்மாளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்பது.

அக்டோபர் 13, செவ்வாய்

தலைவலி. தொப்பியில் நாலு பள்ளம்.

‘கடவுளின் இன்மை குறித்து’ தலைப்பைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். வேறு ஒன்றும் எழுதவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன்.

அந்தியில் கூரை. மேகமில்லை. இறங்கிவந்தால் படியடியில் எமில், தனியாக, எலுமிச்சைச்சாறோடு.

“மேலே எப்படி இருந்தது, மிஸ்டர் நாயகம்?”

“இன்று செவ்வாய்க்கிழமை,” என்றேன்.

“தெரியும்,” என்றார். பக்கத்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். “அந்த வெட்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.”